சில்லுப் பெட்டியும் உன் பீங்கான் வைத்தியரும்

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தியும் சுகம், எங்கள் முழங்கால்கள் மட்டும் எங்களோடு பேச்சுவார்த்தையில் இல்லை. அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஈரத் தலையோடு படுக்காமல், நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். "போன்ல வேண்டாம் சித்தப்பா, நீங்க கத்துவீங்க, சித்தி அழுவாங்க, விஷயம் நின்ன இடத்துலயே நிக்கும். அவரை எனக்குக் கட்டி வைக்கிறீங்களா இல்லையான்னு ஒழுங்கா எழுதி அனுப்புங்க" என்று உத்தரவு போட்டிருந்தாய் அல்லவா, அதனால்தான் பழைய வாத்தியங்களைப் பழுது பார்க்கும் என் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்று பேனா எடுத்து வைத்திருக்கிறேன், அந்த ஆளைப் பற்றி என் மனதில் இருப்பதை எழுதி முடிக்க ஒரு பேனாவின் மை காணாது.

நீ லீவு போடச் சொல்லி அவரை இங்கே அனுப்பினாய், துணிக்கடையில் சாம்பிள் துண்டு கொடுத்து அனுப்புவதுபோல. பெண் வீட்டுப் பாட்டன்மார் எட்டுப் பேர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதுபோல நானும் முதல் நாளே கூர்ந்து பார்த்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் மனுஷர்களின் எலும்பை எக்ஸ்ரே எடுக்கும் உத்தியோகம் உனக்கு, உடைந்த பீங்கானை ஒட்டும் உத்தியோகத்தில் இருந்துகொண்டு மியூசியத்திலிருந்து ஒரு ஜாடியை அங்கே தூக்கிக்கொண்டு வந்து இதற்கு உள்காயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னவரைக் கண்டா நீ மயங்க வேண்டும்? ஜாடிக்கு டோக்கன் போட்டு வரிசையில் உட்கார வைத்தாயா, இல்லை நேரே உள்ளே விட்டாயா? அன்றிலிருந்து என் வாயில் அவருக்குப் பீங்கான் வைத்தியர் என்றுதான் பெயர். வந்த மறுநாள் சித்தி டீ கொடுத்தாள். மற்றவர்கள் டீயைக் குடிப்பார்கள், இவர் கப்பைத் தலைக்கு மேல் தூக்கி அதன் அடியில் என்ன முத்திரை இருக்கிறது என்று பார்த்தார், டீ உள்ளே இருக்கும்போதே. சட்டையில் பாதி, என் பேப்பரில் மீதி. துடைத்துக்கொண்டே, "மாமா, இந்தக் கப்போட கைப்பிடி ஒரு தடவை உடைஞ்சிருக்கு, யாரோ நல்லா ஒட்டியிருக்காங்க" என்றாரே பார்க்கலாம், உன் சித்தியின் முகம் சுண்ணாம்புச் சுவர் ஆகிவிட்டது. என் ராசியான கப், நீ பள்ளிக்கூடம் போன காலத்திலேயே உடைத்து ஒட்டி வைத்து வாயே திறக்காமல் இருந்திருக்கிறாள் மகராசி. என்னிடம் மாட்டிக்கொண்டதற்கு வெட்கப்படாமல், "நல்லா ஒட்டியிருக்காங்கன்னு சொன்னாரு பாருங்க" என்று அதிலேயே பூரித்துப்போய் அந்த நிமிடத்திலிருந்து அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். நான் இன்னும் சம்மதிக்கவில்லை, அதற்குள் என்ன மாப்பிள்ளை என்று கேட்டால், "நீங்க சம்மதிக்கறப்ப சம்மதிங்க, நான் இப்பவே பழகி வெச்சுக்கறேன்" என்கிறாள். எனக்கு இந்த வீட்டில் இருக்கும் மரியாதை இவ்வளவுதான்.

நீ போன பிறகு பட்டறைக்கு வந்து சேர்ந்த பெரிய விருந்தாளியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும், அது தெரியாமல் இந்த ஆள் செய்த காரியம் உனக்கு விளங்காது. பழைய சினிமா கொட்டகை ஒன்றின் திரைக்குக் கீழே கிடந்த தானே வாசிக்கும் பியானோ அது. எலிகள் அதில் பிறந்து, படித்து, கல்யாணம் பண்ணி, பேரன் பேத்தி எடுத்து ஆண்டிருக்கின்றன. ஓட்டை போட்ட காகிதச் சுருளை மாட்டிவிட்டுக் காலால் மிதித்தால் போதும், காகிதத்தில் ஓட்டை வரும் இடத்தில் காற்று போய், அந்தக் கட்டைக்கென்று இருக்கும் குட்டித் துருத்தி சுருங்கி, சுத்தியை இழுத்துக் கம்பியில் தட்டிவிடும், வாசிப்பவன் விரலை மடித்துக்கொண்டு உட்காரலாம். பேசாத படங்கள் ஓடிய காலத்துச் சரக்கு என்பதால் பாட்டு மட்டும் போதாதென்று இரண்டு பக்கமும் பீரோ மாதிரிப் பெட்டி வைத்து உள்ளே சத்தங்களை அடைத்திருக்கிறார்கள். மேலே கயிறுகள் தொங்கும். ஒன்றை இழுத்தால் குருவி கத்தும், ஒன்றை இழுத்தால் குதிரை ஓடும், இடி, ரயில் ஊதல், வாசல் மணி, துப்பாக்கி எல்லாம் உண்டு. கடைசிக் கயிறு ஒரு தகரப் பெட்டிக்குப் போகும். அது முழுக்க உடைந்த பீங்கான் சில்லு. இழுத்தால் பெட்டி கவிழ்ந்து சில்லெல்லாம் இரும்புத் தகட்டில் கொட்டும், படத்தில் பெண்டாட்டி புருஷன்மேல் தட்டை வீசும் இடத்துக்கு அந்தச் சத்தம். இந்த அதிசயத்தை எழுப்பி நிறுத்த உலகத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன், மூடிக் கிடந்த அந்தக் கொட்டகையைப் பேசாத படம் போட்டு மறுபடி திறக்கப் போகிற கொட்டகைக்காரம்மாவும் வேறு வழியில்லாமல் நம்பி என்னிடம் கொடுத்தார். ஒரே நிபந்தனை, "ட்ரையல்ல ஒரு சத்தம் தப்பினாலும் நான் ஸ்பீக்கர் மாட்டிடுவேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

உன் வைத்தியர் சும்மா இருக்க மாட்டார் என்று நீ எழுதியிருந்தாய், அதனால் குட்டித் துருத்திகளுக்குப் புதுத் துணி ஒட்டும் வேலையைக் கொடுத்தேன். ஒரு துருத்தியை எடுத்தார், நாலு பக்கமும் போட்டோ பிடித்தார், ஒரு சின்னச் சீட்டில் நம்பர் எழுதிக் கட்டினார், குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலத் துடைத்தார். ஆமை அந்த வழியாகப் போயிருந்தால் கொஞ்சம் சீக்கிரம் ஆகட்டும் தம்பி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கும். பசை விஷயத்தில் எங்களுக்குள் மகாயுத்தமே நடந்தது. நான் காய்ச்சுவது தோல் பசை, நாற்றம் தெருமுனை வரை போகும், தபால்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நம் வாசலுக்கு வருவார், ஆனால் நாளைக்கு இன்னொருவன் ஆவி காட்டினால் அழகாகப் பிரிந்து வரும். அவர் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார், வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, அவரைப் போலவே. "இது பிரியவே பிரியாது மாமா" என்றார் பெருமையாக. பிரியாத பசையை வைத்து என்னய்யா பண்ணுவாய், நாளைக்குத் துருத்தி கிழிந்தால் பியானோவையே கொளுத்துவாயா என்று கேட்டேன். "பியானோவுக்கு உங்க பசைதான் சரி, பீங்கானுக்கு என்னோடதுதான் சரி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தோல் பசையில் பிரஷ்ஷை நனைத்தார். கத்திச் சண்டை போடவும் தெரியாதவரை எப்படியம்மா குடும்பத்தில் சேர்ப்பது?

இப்போது ட்ரையலுக்கு வருகிறேன், இதற்கென்றே இரண்டாவது பேனாவை எடுத்துவிட்டேன். கொட்டகையில் கொட்டகைக்காரம்மா, உன் சித்தி, உன் வைத்தியர், ஸ்பீக்கர் மாட்டுவதற்கு ஒயர்ச் சுருளோடு பிணத்துக்குக் காத்திருப்பவர்களைப் போல நின்ற இரண்டு ஆட்கள், அவ்வளவுதான் கூட்டம். படம் ஓடியது, நான் மிதித்தேன். மகளே, குருவி கத்தியது, ஜன்னலில் நிஜக் குருவி வந்து பதில் சொன்னது. குதிரை ஓடியது, ஒயர்க்காரர் ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார். துப்பாக்கிக்கு உன் சித்தி காதைப் பொத்திக்கொண்டாள், கொட்டகைக்காரம்மா முகத்தில் சிரிப்பு வர ஆரம்பித்தது. அடுத்து வந்தது தட்டு வீசும் காட்சி. திரையில் பெண்டாட்டி கையை ஓங்கினாள், நான் சக்கரவர்த்தி செங்கோலைப் பிடிப்பதுபோலக் கடைசிக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். தொப். தலையணை கட்டிலில் இருந்து விழுந்தால் வருமே, அந்தச் சத்தம். மறுபடி இழுத்தேன். தொப். அந்தக் கயிற்றை நான் அதற்கு முன் இழுத்துப் பார்க்கவில்லை, ஒவ்வொரு தடவை கொட்டும்போதும் சில்லு தேய்ந்து மாவாகும், வீணாக இழுக்கக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டிருந்தேன். அந்தக் கயிற்றைப் பற்றி வைத்தியரிடமும் சொல்லவில்லை, சொல்லாதது வேறு விஷயம், கேட்டிருக்க வேண்டியது அவர்.

மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே, கவிழ்த்தாலும் கொட்டாதபடி இறுக்கி அடைத்த பஞ்சு. பஞ்சுக்கு நடுவில், தொட்டிலில் பிள்ளை தூங்குவதுபோல, ஒரு முழுத் தட்டு. வெள்ளைத் தட்டு, ஓரத்தில் நீலக்கோடு, ஒரு கீறல் கிடையாது. பின்னால் இருந்து சந்தோஷமாக ஒரு குரல் வருகிறது, "கண்டுபிடிச்சிட்டீங்களா மாமா? கொட்டகை திறக்கறன்னிக்குக் காட்டலாம்னு இருந்தேன்." மத்தியானம் நான் கண்ணயரும் நேரமெல்லாம் பின்னறையில் உட்கார்ந்து, தேய்ந்துபோன சில்லுகளை ஒவ்வொன்றாக இணை பார்த்து, இடைவெளிக்கெல்லாம் பூச்சு வைத்து, தேய்த்து மெருகேற்றி, நீலக்கோட்டையும் வரைந்து வைத்திருக்கிறார் மனுஷர். "யாரோ ரொம்ப ஆசையா பெட்டியில போட்டுப் பத்திரப்படுத்தியிருந்தாங்க, தூக்கிப் போட மனசு வரல போல. பாவமா இருந்துச்சு, அதான் சரி பண்ணிட்டேன்" என்றார். யோவ், அது தட்டு இல்லைய்யா, சத்தம், நீ சத்தத்தைப் போய் ஒட்டி வைத்திருக்கிறாய் என்று நான் போட்ட கூச்சல் உனக்கே அங்கே கேட்டிருக்கும். எந்த நாட்டிலாவது, எந்த யுகத்திலாவது, உடைந்த சத்தத்தைப் பஞ்சில் சுற்றி வைத்த வைத்தியன் உண்டா? கொட்டகைக்காரம்மா எழுந்துவிட்டார். "சரி விடுங்க, ஒயரை இழுங்கப்பா" என்றார். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிமிடத்தில் யாராவது என்னிடம் உன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டிருந்தால், கேட்டவரையே பெட்டிக்குள் போட்டுக் கயிற்றை இழுத்திருப்பேன்.

வைத்தியர் மேடைக்கு வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. "அம்மா, அந்த ஒரு சீனை மட்டும் திரும்பப் போடச் சொல்லுங்க" என்றார், என் பக்கம் திரும்பி, "நீங்க மிதிங்க மாமா" என்றார். என்னிடம் இதுவரை யாரும் அந்தக் குரலில் பேசியதில்லை, கால் தானாக மிதித்துவிட்டது. தட்டை எடுத்தார், பஞ்சை நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்தார், அந்த நேரத்திலும் மடிக்கிறார் பார். திரையில் பெண்டாட்டி கையை ஓங்கினாள், இவரும் ஓங்கினார். புருஷன் தலையில் தட்டு பட்ட அதே நொடியில் இரும்புத் தகட்டில் அடித்தார். மகளே, அது சத்தம். கொட்டகைக் கூரையில் இருந்த அத்தனை புறாவும் ராஜினாமா செய்துவிட்டுப் பறந்தன. அந்தப் பெண்டாட்டி இரண்டாவது தட்டைத் தேடி எடுப்பதற்குள் இவர் வெறுங்கையால் சில்லுகளை அள்ளிப் பெட்டியில் போட்டார், நான் கயிற்றை இழுத்தேன், கொட்டியது. மூன்றாவது தட்டு, நாலாவது தட்டு, அந்தப் பெண் வீட்டில் இருந்த அத்தனை பாத்திரத்துக்கும் நாங்கள் பதில் சொன்னோம். கொட்டகைக்காரம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "ஒயரைச் சுத்தி எடுத்துட்டுக் கெளம்புங்கப்பா" என்றார்.

கூட்டிப் பெருக்கும்போது சித்தி அவருடைய விரலில் துணி சுற்றிவிட்டுக்கொண்டே, "இத்தனை நாள் உக்காந்து ஒட்டினதாச்சே மாப்பிள்ளை, மனசு கஷ்டமா இல்லையா?" என்று கேட்டாள். "கஷ்டமாத்தான் இருந்துச்சு அத்தை. மாமா மூஞ்சியைப் பார்க்க அதைவிடக் கஷ்டமா இருந்துச்சு" என்றாராம். என் மூஞ்சிக்கு என்ன கேடு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லப் பிடிக்கவில்லை, இருந்தாலும் நீ எழுதச் சொன்னாய். வீட்டுக்குக் கொண்டுவந்த பெட்டியைத் திறந்து, லென்ஸ் வைத்து, ஒவ்வொரு சில்லாகத் திருப்பிப் பார்த்தேன். ஒட்டுப் போட்ட இடம் ஒன்றாவது விட்டிருக்காதா, உனக்கு எழுதலாமே என்ற ஆசைதான். அத்தனை அடிக்கும் தட்டு புதுப் புது இடத்தில்தான் உடைந்திருக்கிறது. அவர் ஒட்டிய இடத்தில் ஒன்றுகூட விடவில்லை.

இவரைப் பற்றி எழுத இன்னும் ஏழெட்டுப் பக்கத்துக்குக் குறை கைவசம் இருக்கிறது, அதையெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு நேரில் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் இருவரும் வரும்போது வீட்டுக் கப்புகள் எதையும் அவர் கண்ணில் படும்படி வைக்க வேண்டாம் என்று சித்தியிடம் நான் சொல்லியிருக்கிறேன், அவளிடம் இன்னும் எத்தனை ரகசியம் இருக்கிறதோ. பனியில் திரியாதே, ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் காலை வெந்நீரில் வை. உன் அப்பா இருந்து செய்ய வேண்டிய ஆசீர்வாதத்தையும் சேர்த்து இரண்டு பங்காக நானே செய்கிறேன், நீங்கள் இருவரும் சண்டை போட்டாலும் சத்தம் நன்றாக இருக்கட்டும்.

ஊருக்குக் கிளம்பும்போது அவர் ஒரு சில்லைக் கேட்டு வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார், நடுவில் ஒட்டு ஓடும் சில்லு, உன்னிடம் காட்டுவதற்காம். வந்ததும் மறக்காமல் வாங்கி உன் எக்ஸ்ரே மெஷினுக்கு அடியில் வை. அந்த ஒட்டில் மயிரிழை அளவு இடைவெளி தெரிந்தால் உடனே எழுது, எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம். தெரியாவிட்டால் நாள் பார்த்து எழுது. மாப்பிள்ளையின் விரல் ஆறிவிட்டதா என்று நான் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் கல்யாணத்தில் பியானோ மிதிக்கப் போகிற
சித்தப்பா