பின்னறைத் தரைக்கு வாட்டம்

1961, கார்த்திகை 3

காலையிலிருந்து தூறல். கமிஷன் கடைக்கு லீவு சொல்லியாயிற்று. பின்னறையை அளக்கும் வேலை. தம்பி செல்வராசுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம், இன்னும் சாணி மெழுகிய தரையில் படுக்கிறார்கள். எனக்கே வெட்கம். சிவப்புச் சிமெண்டுத் தரை போடலாம் என்று பேச்சை எடுத்தது நான்தான்.

டேப்பின் மறுமுனையைத் தம்பி பிடித்தான். நீளம் 12 அடி 4 அங்குலம். அகலம் ஒரு பக்கம் 9-10, மறுபக்கம் 9-7. அப்பா கட்டிய லட்சணம். சராசரி எடுத்துப் பெருக்கினால் 120 ச.அ.வுக்குக் கொஞ்சம் குறைவு. முழு 120 என்றே வைத்துக்கொண்டேன்.

சிமெண்டு 3 மூட்டை.
மணல் அரை வண்டி, தாராளம்.
காவிப் பொடி - கொத்தனாரிடம் கேட்க.
மீனாவுக்குத் தைலம்.

தம்பி இன்று ரொம்பப் பணிவு. "இம்புட்டுக் கணக்கு எனக்கு வராதுண்ணே." மனசு குளிர்ந்துவிட்டது. அப்பா போனபின் இவனைப் படிக்க வைத்தது நான். வத்தலக்குண்டு பஸ்ஸில் கண்டக்டர் வேலைக்கு அலைந்ததும் நான்.

கார்த்திகை 5

நல்ல வெயில். கொத்தனார் மாயாண்டி வந்தார். மட்டப்பலகையைக் கீழே வைத்துவிட்டு, "வாட்டம் எந்தப் பக்கம் குடுக்க?" என்றார்.

படுக்கிற அறைக்கு எதற்கு வாட்டம், பாயோடு உருண்டு போகவா என்று சத்தம் போட்டேன்.

"சமையக்கட்டுன்னா தண்ணி ஓட வேணாமா? தம்பிதான சொன்னாப்ல, சலதாரைக்குச் செவுத்துல ஓட்டை போடணும்னு."

தம்பி டூட்டியில். அவன் மனைவி பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

தனி அடுப்பு! கொத்தனாருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

மீனாவிடம் கேட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொல்கிறாள்: "எனக்கு ஐப்பசியிலயே தெரியும். சொன்னா தாம்தூம்னு குதிப்பீக."

கட்டின பெண்டாட்டியும் கூட்டு.

கார்த்திகை 6

மறுபடி தூறல். கடையில் வெங்காயக் கணக்கு இரண்டு தடவை தப்பு. "உடம்புக்கு என்னய்யா?" என்றார் முதலாளி. ஒன்றுமில்லை என்றேன்.

பிரியக் கூடாது என்றா சொல்கிறேன்? ஊரில் நடக்காததா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே அடுப்பு மேடைக்கும் சேர்த்து அளந்திருப்பேன்.

இல்லை, பொய். கத்தியிருப்பேன். இரண்டு நாள் பேசியிருக்க மாட்டேன். இருந்தாலும் கேட்டிருக்க வேண்டும். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் கூடவே நின்று டேப்பைப் பிடித்தானே, அதுதான் வயிற்றெரிச்சல்.

கார்த்திகை 7

மூட்டம். மழை இல்லை. தம்பி டூட்டி முடிந்து வந்தான். முகம் கழுவக்கூட விடவில்லை, வாசலிலேயே கேட்டேன்.

"எப்பலே தனியாப் போற?"

"தை பொறந்ததும்ணே. போறதென்ன, இதே வீடுதான."

"அன்னைக்கு அளக்கையில சொல்ல வாய் வரலையா?"

காக்கிச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான்.

"சொன்னா பாதியில போட்டுட்டுப் போயிருவீக. நீங்க கணக்கை முடிக்கட்டும்னுதாண்ணே இருந்தேன்."

கணக்கெழுதிய தாள் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தான்.

"அடுப்பு மேடைக்கும் சேத்தா எம்புட்டுண்ணே வரும்?"