லால்பாகில் நடந்த அம்மா

வெள்ளறடை
9.2.1997

அன்பு மகள் நீதுவுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகம். அங்கே சுகம்தானா என்று கேட்கவில்லை, நீ அனுப்பின போட்டோவைப் பார்த்தாலே தெரிகிறது. லால்பாகில் பெரிய மரத்தடியில் கல் பெஞ்சில் நீயும் உன் மாமியார் புஷ்பபாயும் தோளோடு தோள் ஒட்டி இருக்கிறீர்கள், மருமகன் சிபி எடுத்தது என்று பின்னால் எழுதியிருக்கிறாய். நன்றாகவே எடுத்திருக்கிறார். உன் கடலைப் பொட்டலத்துக்குள் அவர்கள் கை கிடக்கிறது, அதுகூடத் தெளிவாக விழுந்திருக்கிறது.

உன் கடிதத்தை வழக்கம்போல நான்தான் அப்பாவுக்கு வாசித்தேன். நேற்று அம்மாவும் நானும் லால்பாகில் குளத்தைச் சுற்றி நடந்தோம், அம்மாவுக்கு மூச்சு வாங்கிவிட்டது என்று வந்ததும் நிறுத்திவிட்டேன். நான் எப்போது பெங்களூர் போனேன், எனக்கு எப்போது மூச்சு வாங்கியது என்று ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்பாதான், "அது புஷ்பபாயாக்கும், நீ மேல வாசி" என்றார். போன கடிதம் வரை அவர்கள் உனக்கு மாமியாகத்தான் இருந்தார்கள். மாமியாரை அம்மா என்று கூப்பிடுவது நல்ல பழக்கம், நம்ம சபைப் போதகர் கேட்டால் சந்தோஷப்படுவார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பொறாமைதான் வந்தது, மறைப்பானேன். அவர்கள் உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். ஒரு குறை இருந்தால் அதைச் சொல்லி உன்னைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

அதற்கப்புறம் நாலு பக்கமும் பார்க்கைப் பற்றித்தான். கண்ணாடி மாளிகையில் பூக்கண்காட்சி, பாறைமேல் ஏறினால் ஊரே தெரிகிறது, இலவ மரத்து வேரில் பத்துப் பேர் உட்காரலாம், ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க்கில் மூங்கில் நிழல். நீதானா எழுதியது? இருபத்திமூன்று வருஷம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வளர்ந்தும், அட்டை கடிக்கும் கொசு கடிக்கும் என்று முற்றத்தைத் தாண்டாதவள் நீ. இப்போது ரப்பர் பழைய இலையெல்லாம் உதிர்த்துவிட்டு செம்பு நிறத்தில் தளிர் விட்டு நிற்கிறது, அதைப் பார்க்க யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. பக்கத்து வீட்டு அம்மிணி உன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "அங்க கண்ணாடியில வீடு உண்டாமே எக்கா, நீது இனி இஞ்ச வருவாளா" என்று கேட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சாயா போட்டுக் கொடுக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் உன்னைக் கூட்டி வருவதாகத்தான் இரண்டு வீட்டிலும் பேச்சு. நீ கடைசி நாலு வரியில், டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார், இங்கே லால்பாகில் நடக்க வசதி, அங்கே நம் வீட்டைச் சுற்றி மேடும் பள்ளமும், அதனால் இங்கேயே பெற்றுக்கொள்கிறேன், நீங்கள் பத்து நாள் வந்து நில்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த நாலு வரி வந்ததும் கடிதத்தை அப்பா கையில் கொடுத்துவிட்டேன், அவரே கண்ணாடி போட்டு வாசித்தார். என் மகள் பிள்ளை பெறுகிற வீட்டுக்கு நான் விருந்தாளியாக வர வேண்டுமா? மறுநாள் காலையில் அப்பா மண்வெட்டியை எடுத்தார். கிணற்றடியிலிருந்து அயனி மரம் வரை மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு, தோட்டத்து ஓரமாக வட்டத்தில் ஒரு வழி போட்டிருக்கிறார். நான் நடந்து பார்த்தேன், பதினொரு சுற்று நடந்தால் அரை மணிக்கூர். நாலாவது சுற்றில் அம்மிணி வேலிக்கு அப்புறம் நின்று, "எக்கா, என்னத்த தொலைச்சிய, நானும் வந்து தேடட்டா" என்றாள். நீது நடப்பதற்கு வழி என்றேன், சாயாவும் கொடுத்தேன். எனக்கும் மூச்சு வாங்கத்தான் செய்தது. அதையும் யாராவது கடிதத்தில் எழுதலாம்.

காரக்கோணம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவைப் பார்த்துப் பேசிவிட்டேன். துணி துவைக்கிற பழைய கல்லை அயனி மரத்தடியில் தூக்கிவைத்து அப்பா பெஞ்சும் போட்டாயிற்று. சம்பந்தியம்மாவையும் கூடவே அழைக்கலாமே என்கிறார். அழைக்கட்டும், வந்தால் மீன்கறி வைத்துப் போடுவேன், ஒரு குறையும் வைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கல்லில் இரண்டு பேர்தான் உட்காரலாம், நான் இருந்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை அப்பா ஐலண்டு எக்ஸ்பிரஸில் அங்கே புறப்படுகிறார். கூட வருவதும் வராததும் உன் இஷ்டம். கர்த்தர் உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் கண்மணிபோலக் காப்பாராக. அந்தப் பாறைமேல் மட்டும் இனி ஏறாதே, யார் கையைப் பிடித்துக்கொண்டும் ஏறாதே.

வெறும் அம்மா என்று போட்டால் எந்த அம்மா என்று உனக்குக் குழப்பம் வரலாம், அதனால் இந்தத் தடவை பெயரையும் சேர்த்து எழுதுகிறேன்.

உன் அம்மா,
ராஜபாய்