நடுங்காத கை

காயல்பட்டினம்

மச்சானுக்கு ஸலாம். போனில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

நம் தெருவில் இறந்துபோன பெண்களின் மய்யித்துகளைக் குளிப்பாட்டிவந்த ஸுலைஹா லாத்தா காலையில் மவுத்தாகிவிட்டார்கள். அவர்களை நான் குளிப்பாட்ட வேண்டுமாம். இனி எல்லாரையும் நானேதானாம்.

“ஒன் மவ ஹிபாவக் குளிப்பாட்டையில ஒனக்குக் கை நடுங்கல. அல்லாஹ் ஒன்னத்தான் கூப்பிடுதான்” என்கிறார்கள் சமீரா மாமி.

துபாயிலிருந்து நீங்கள் அந்த நாளைப் பற்றிக் கேட்டதேயில்லை. அது தைரியமில்லை மச்சான். முடித்தால் பிள்ளையை அடக்கத் தூக்கிப்போய்விடுவார்களே என்று, ஊற்றிய இடத்திலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அல்லாஹ்வுக்கு அது தெரியும். தெரிந்துமா என்னைக் கூப்பிடுகிறான்? ஒன்றும் விளங்கவில்லை.

மாமி வாசலில் நிற்கிறார்கள். அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டுப் போகிறேன். லாத்தாவின் மகளையும் தண்ணீர் ஊற்றச் சொல்வேன். அவள் எவ்வளவு நேரம் ஊற்றினாலும் அவசரப்படுத்த மாட்டேன்.

நம் பிள்ளையின் உம்மா