அண்ணனை எழுதியவள்

மான்மவுத் ஜங்ஷன்
11.2.1996

அன்புள்ள புஷ்பா,

குபெர்டினோ வெயிலைப் பற்றி எழுதி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதே. இங்கே வாசலெல்லாம் பனி.

மாலை வகுப்பில் ஐரிஷ் நாடகங்கள் படிக்கிறேன். எல்லாம் குடியானவர் வீடுகள். ஒன்றில் நிலத்தை விடாத கிழவர், கல்யாணத்துக்குக் காத்தே நரைத்த மகன். அப்படியே எங்கள் கிட்டுசாமி அண்ணன்! "மருமக வந்தா பூமியைப் பிரிக்கச் சொல்லுவா" என்று அப்பா தட்டிக்கழித்ததும், நிச்சயித்த பெண் நான்கு வருஷம் காத்திருந்து வேறிடம் போனதும், அன்றும் அண்ணன் வாய் திறவாமல் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சியதும் ஹாஸ்டலில் உன்னிடம் மட்டும் சொன்னவை. அதை நாடகமாக எழுதுகிறேன். மூன்று பக்கம் ஆகிவிட்டது. அந்த ஐரிஷ் நாடகங்களை உனக்கும் அனுப்பியிருக்கிறேன், படி.

உன்
வசந்தாமணி

குபெர்டினோ
30.9.1996

அன்பு வசந்தா,

கோபிக்காமல் படி. நாடகங்களைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. நீயும் அப்புறம் பேச்சே எடுக்கவில்லை. உன் அண்ணன் கதையைப் பெயர் மாற்றி நானே எழுதிவிட்டேன். சனிக்கிழமை தமிழ் மன்றத்தில் போட்டோம். முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்றது. உன்னைக் கேட்காதது தப்புதான். வீடியோ கேசட் அனுப்புகிறேன். நான் டவுன்காரி, பிழை இருந்தால் சொல்லடி.

உன்
புஷ்பவல்லி

மான்மவுத் ஜங்ஷன்
15.12.1996

புஷ்பா,

இரண்டு மாதமாகக் கேசட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பதினொரு பிழை கண்டுபிடித்தேன். நாங்கள் பம்ப்செட் போட்டு எத்தனை காலம், நீ ஏற்றம் இறைக்க வைத்திருக்கிறாய். அந்தக் காலத்தில் ஒரு நாடகம் தங்கள் கிராமத்தைத் தப்பாகக் காட்டியதாக ஐரிஷ்காரர்கள் அரங்கிலேயே கலாட்டா செய்தார்களாம். நானும் அப்படிக் கத்தத்தான் தயாராக இருந்தேன்.

உன் நாடகத்தில் நடித்த மணியன் எங்கள் பக்கத்து ஊராமே. லீவுக்கு ஊருக்குப் போனவர், கதை யாருடையது என்று புரிந்து அண்ணனுக்குக் கேசட் போட்டுக் காட்டியிருக்கிறார். நேற்று அண்ணன் போன் செய்தார்.

"'எனக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கலையே'ன்னு நாடகத்துல அந்தப் பையன் சொல்றான். அது எம்மனசுல இருந்ததுங் கண்ணு. யாருகிட்டயும் சொன்னதில்ல. நீதான எழுதுன?"

அந்த வரி என் மூன்று பக்கத்தில் இல்லை. நாலாவது பக்கம் நான் எழுதவே இல்லை. கூடப்பிறந்த எனக்குத் தோன்றாதது, அவரைப் பார்த்தே இராத உனக்கு எப்படியடி தோன்றியது?

"ஆமாங்ண்ணா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் அழுதார். அவர் அழுது நான் கேட்பது இதுதான் முதல் முறை.

உண்மையை அவரிடம் சொல்லும்வரை உனக்கு எழுத எனக்கு முகமில்லை. சொல்வேன் என்றும் தோன்றவில்லை.

வசந்தாமணி