தேடும் பெட்டியில் விடையை எழுதாதே

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். நான் நலம், அம்மாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இரு.

நீ வாராவாரம் அனுப்பும் மருத்துவக் கட்டுரைகள் வருகின்றன. கம்ப்யூட்டரில் சத்தம் கேட்டதுமே கட்டிலிலிருந்து, என்ன அனுப்பியிருக்கா, படிங்க என்கிறாள் அம்மா. அவள் கை ஸ்பூனைப் பிடித்து மூன்று வாரமாகிறது, காது மட்டும் படு கூர்மை. நானும் மேலே இருக்கும் சுருக்கத்தை மட்டும் படித்துச் சொல்கிறேன். முப்பது வருஷம் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து, சுருக்கத்தைப் படிச்சிட்டு ஓடாதீங்கப்பா என்று மாணவர்களைத் திட்டியவன் நான்! போன வாரக் கட்டுரையில் குணமானது எலி. அதைச் சொல்லாமல் விழுங்கிவிட்டேன். என் பொண்ணு டாக்டரையே மிஞ்சிட்டா என்று பிசியோதெரபிப் பெண்ணிடம் ஒரே பெருமை. நான் கேட் வரை போய் நின்றுவிட்டுத் திரும்புகிறேன், அதற்குள் கூப்பிட்டுவிடுவாள். நாலு சுவருக்குள் அவளும் நானும் இந்தப் பொய்யும்தான், மூச்சு முட்டுகிறது.

கோபித்துக்கொள்ளாதே, நீ தேடுகிற விதமே தப்பு. நோயின் பெயரோடு குணம், வெற்றி என்று சேர்த்துப் போடுகிறாய். விடையை நீயே எழுதிக் கொடுத்தால் தேடும் பெட்டி அதைத்தான் பொறுக்கித் தரும். உன் மண் ஆராய்ச்சிக்கு இப்படித் தேடுவாயா? ரிப்போர்ட்டில் உள்ள முழுப்பெயரை மேற்கோள் குறிக்குள் போடு, கடைசி ஐந்து வருஷம் மட்டும் கேள். பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட கட்டுரை ஒன்று கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியலைப் பார், பிறகு அதை எடுத்துக்காட்டிப் பின்னால் எழுதியவர்கள் யாரென்று பார். பலனில்லை என்ற சொல்லையும் போட்டுப் பார். செவ்வாய்க்கிழமை மதியம் அம்மா கண்ணயர்ந்தபோது நான் அப்படித்தான் தேடினேன். பதினோரு கட்டுரை, ஒரு வரி விடாமல் படித்தேன். எல்லாம் மாதக் கணக்கில்தான் பேசுகின்றன பாப்பா, வருஷக் கணக்கில் இல்லை.

அவசரமில்லை, ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வா என்று போனில் சொன்னேனே, அதை மறந்துவிடு. பேராசிரியரிடம் இன்றைக்கே லீவு கேள். இனிமேல் கட்டுரை அனுப்பாதே. அம்மாவிடம் இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தேன். நல்ல சேதியா என்று கேட்டாள், ஆமாம் என்றுவிட்டேன்.

உனக்கு ஒரு குறையும் வராமலிருக்க எங்கள் இருவர் ஆசியும் உண்டு. பாஸ்போர்ட் தேதியைப் பார்த்துக்கொள். அம்மாவிடம் நானே சொல்கிறேன், நீ பக்கத்தில் மட்டும் இரு. என்னால் தனியாக முடியவில்லை.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா