உன் ரத்தம் இருக்கும் குளிர்பெட்டி

அக்கா,

இன்று பள்ளிவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே புளி வாசம் வந்தது. பின்பக்கம் அம்மா செம்புக் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இப்போது அதில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. ஆனாலும் அவ்வப்போது பரணிலிருந்து இறக்கி, புளியும் உப்பும் போட்டுப் பளபளவென்று தேய்த்து, மறுபடி கவிழ்த்து வைத்துவிடுகிறார். விற்கவும் மாட்டார், யாருக்கும் கொடுக்கவும் மாட்டார். தேய்க்கும்போது பேசவும் மாட்டார். நானும் பேச்சுக் கொடுக்காமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் குடம் ஏன் வந்தது என்று உனக்குத் தெரியும். அப்பா பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் ஆவதற்கு முன் சாயப்பட்டறையில் இருந்தவர். எந்தத் தண்ணீரையும் நம்பமாட்டார். போர்வெல் தண்ணீரை டம்ளரில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதுல சாயம் இருக்குதா இல்லியான்னு யாரு கண்டா" என்பார். செம்பில் ஊற்றி வைத்தால் தண்ணீரில் இருக்கும் கெட்டதெல்லாம் முறிந்துவிடும் என்று யாரோ சொன்னதும் அம்மா அந்தக் குடத்தை வாங்கி வந்தார். வந்த அன்று நீதான் அதற்குக் குங்குமம் வைத்தாய்.

முதலில் உன் கைதான் காட்டிக்கொடுத்தது. கம்பெனியிலிருந்து வரும் டீ-ஷர்ட் கட்டுகளைப் பிரித்துப் போட்டு, நாம் மூவரும் உட்கார்ந்து பிசிறு வெட்டுவோம். தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை மட்டும் வெட்ட வேண்டும். நம்மில் நீதான் வேகம். அன்று நூல் வெட்டும் உன் டிரிம்மர் நூலைத் தாண்டித் துணியில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு துணியிலும் ஓட்டை.

"ஏஞ்சாமி, கை நிக்க மாட்டீங்குது?" என்று அம்மா கேட்டார்.

"டிரிம்மர் புதுசும்மா. ரொம்பக் கூரா இருக்குது" என்றாய்.

பிறகு பேச்சு குழறியது. பக்கத்து வீட்டு அக்கா, "பெரியவ என்ன, வாயில வெல்லத்த அதக்கிட்டே பேசறா" என்று சொன்னபோது முதலில் சிரித்தது நீதான். உன் கருவிழியைச் சுற்றி மயில்கழுத்து நிறம் கலந்த பழுப்பில் ஒரு வளையம் வந்திருந்தது. அது அழகாக இருக்கிறது என்று நான் சொன்னேன். நீ கண்ணாடியில் போய்ப் பார்த்துவிட்டு, "எனக்கு மட்டுந்தான், உனக்கு இல்ல" என்றாய்.

எல்லாவற்றுக்கும் அப்பாவிடம் ஒரே பதில் இருந்தது. "சாயந்தான். எத்தன வருசம் அந்தத் தண்ணியக் குடிச்சிருக்கறோம்." அதனால் குடத்துத் தண்ணீர் உனக்கு மட்டும் என்றானது. விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு சொம்பு நிறைய அம்மா கொண்டுவந்து கொடுப்பார். நீ குடிக்கும்போது சொம்பின் விளிம்பு உன் பல்லில் மோதி டக்டக்கென்று சத்தம் கேட்கும். குடித்து முடிக்கும்வரை அம்மா பக்கத்திலேயே நிற்பார்.

மஞ்சள் காமாலை என்று உன்னைக் கோவையில் சேர்த்த பிறகுதான் அந்த மருத்துவரைப் பார்த்தோம். பரம்பரையாக வரும் அரிய நோய்களை ஆராய்கிறவர். உன் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு கருவியில் உன் முகவாயை வைக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார்.

"என்ன டாக்டர், அப்படிப் பாக்கறீங்க? கலர் லென்ஸ் இல்லீங்க. எக்ஸ்போர்ட் குவாலிட்டி" என்று குழறிக் குழறிச் சொன்னாய். அவர் சிரித்தார். கருவியிலிருந்து முகத்தை எடுத்தபோது அந்தச் சிரிப்பு போயிருந்தது.

சாப்பாட்டில் வரும் செம்பை நம் உடம்பு கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியை வெளியே தள்ள வேண்டும். உனக்கு அதைத் தள்ளத் தெரியவில்லை, ஈரலிலும் மூளையிலும் கண்ணிலும் சேர்ந்துவிட்டது என்று அவர் விளக்கினார்.

"அப்ப சாயம் இல்லீங்களா?" என்றார் அப்பா.

"சாயம் இல்லைங்க. குடத்தாலயும் வரலை. பிறக்கும்போதே இருந்தது. ஆனா அந்தக் குடத்துத் தண்ணி இனி வேண்டாம்."

அப்பாவின் முகம் விழுந்ததைப் பார்த்தாயா, அக்கா? இத்தனை வருடம் கோபப்பட அவருக்குச் சாயப்பட்டறைகள் இருந்தன. இனி யார் மேல் கோபப்படுவார்? அம்மாவோ 'குடத்துத் தண்ணி வேண்டாம்' என்பதை மட்டும்தான் கேட்டார். இன்றுவரை அதை மட்டும்தான் கேட்டிருக்கிறார்.

மருத்துவர் ஒரு தாளில் நம் குடும்பத்தை வரைந்தார். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம். சொந்தத்தில் கல்யாணம் என்றால் நடுவில் இரட்டைக் கோடு. "இவங்க என்ற மாமன் மகளுங்க" என்று அப்பா அம்மாவைக் காட்டினார். பிறகு கொஞ்சம் பெருமையாகவே, "இவங்க அண்ணனுக்கு என்ற தங்கச்சியக் குடுத்திருக்குதுங்க. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தது. ஒரே மேடைல ரெண்டு கல்யாணம்" என்றார். பேனா நின்றது. "அவங்களுக்குக் குழந்தைங்க இருக்காங்களா?" என்று மருத்துவர் கேட்டார். சோமனூரில் ஹரிணி இருக்கிறாள் என்றோம். இன்னொரு இரட்டைக் கோடு போட்டு, அதன் கீழே ஒரு வட்டம் வரைந்து, உள்ளே கேள்விக்குறி இட்டார். என் வட்டத்துக்குள்ளும் ஒன்று இட்டார்.

ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் ரத்தம் வைத்துக்கொள்ளலாமா என்று உன்னிடம் கேட்டார். "எனக்கு உதவுங்களா டாக்டர்?" என்றாய். "உனக்கு உதவாமப் போகலாம்மா. உன் தங்கச்சிக்கு உதவும்" என்றார். நீ கையை நீட்டிவிட்டாய். அது ஆடிய ஆட்டத்தில் ஊசி போட முடியவில்லை. முழங்கையை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "புடிச்சுக்கோ பாப்பா, பறந்துறப் போறேன்" என்றாய்.

மருந்து தொடங்கினார்கள். உன் ஈரல் அதற்குள் கைவிட்டுவிட்டது.

உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு என்னைக் கூட்டிப்போனார்கள். உன் ரத்தத்தில் எந்த இடத்தில் பழுது என்று தெரிந்துவிட்டதால் என் ரத்தத்தில் நேராக அங்கே தேடினார்கள். இருந்தது. எனக்குக் கை நடுக்கம் இல்லை, கண்ணில் வளையம் இல்லை. ஈரல் மட்டும் லேசாக வீங்கத் தொடங்கியிருந்தது. துத்தநாக மாத்திரை கொடுத்தார்கள். "ஆயுசுக்கும் சாப்பிடணும். ஆனா ஆயுசு இருக்கும்" என்றார் மருத்துவர். அக்காவால்தான் நான் பிழைத்தேன் என்று அப்பா சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அதற்காகவா நீ போனாய்?

அம்மா சோமனூருக்குப் போன் செய்து, "சின்னவளுக்கு ஒண்ணுமில்லீங்க அண்ணா. பாத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டார். போனை வைத்துவிட்டு என்னிடம், "நாளைக்கு உன்னையக் கேட்டு வர்றவங்க இதைக் கேட்டாத் திரும்பிப் போயிருவாங்க சாமி. ஊட்டுக்குள்ளயே இருக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து என் மாத்திரை அரிசிப் பானைக்குள் இருந்தது. வேளை வந்தால் அம்மா கண்ணைக் காட்டுவார். நான் எழுந்து போவேன்.

மருத்துவர் மட்டும் விடவில்லை. "சோமனூர்ல சொன்னீங்களா? அந்தக் குழந்தைய எப்ப கூட்டிட்டு வர்றாங்க?" என்று அப்பாவுக்குப் போன் செய்துகொண்டே இருந்தார். அப்பா கேட்டபோது மாமா சொன்ன பதில் ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது: "கூடப் பொறந்தவளுக்கே ஒண்ணுமில்லீங்கறப்ப, என்ற புள்ளைக்கு எதுக்குங்க மச்சான் ஊசி?"

அம்மா பார்த்துக்கொண்டிருந்ததால் அப்பா உண்மையைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். மாமா கேட்டது சரிதானே, அக்கா. என் நோயை மறைக்க அம்மா சொன்ன பொய் அங்கே ஹரிணிக்குக் குறுக்கே நின்றது. நான் நன்றாக இருப்பதுதான் அவளைச் சோதிக்காமல் இருப்பதற்குக் காரணம். அதன்பின் படிக்க உட்கார்ந்தால் அந்தக் கேள்விக்குறி போட்ட வட்டம்தான் கண்ணில் நின்றது.

மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு அம்மாவும் நானும் சோமனூர் போனோம். பக்கத்துக் கொட்டகையில் மாமாவின் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட வேண்டும். அம்மா கண்ணைக் காட்டினார். நான் எழவில்லை. நடுவீட்டில் உட்கார்ந்தபடியே பையிலிருந்து அட்டையை எடுத்துப் பிரித்தேன்.

"அதென்ன கண்ணு மாத்தர?" என்றார் அத்தை.

"சத்து மாத்தர" என்று அம்மா முந்திக்கொண்டார்.

"இல்லீங்க அத்த. அக்காவுக்கு இருந்தது எனக்கும் இருக்குது. அதுக்குத்தான் இது."

மாமா சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன கண்ணு சொல்ற? உங்கம்மா வேற சொன்னா."

மரபணுவைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்ததையெல்லாம் ஒப்பிக்க வாயைத் திறந்தேன். உன் குரல் கேட்டது. பாடம் ஒப்பிக்கும்போதெல்லாம் நீ சொல்வாயே: "புஸ்தகத்த மூடிட்டுச் சொல்லு. அப்பத்தான் உனக்குத் தெரியும்னு அர்த்தம்."

"ரெண்டு இழை சேத்து முறுக்குன நூலுங்க மாமா. ஒரு இழை அறுந்திருந்தாலும் இன்னொண்ணு தாங்கிக்கும். பாத்தாத் தெரியாது. அப்பாகிட்ட ஒரு இழை அறுந்திருக்குது, அம்மாகிட்ட ஒண்ணு. அறுந்த ரெண்டுமே எங்களுக்கு வந்துருச்சுங்க."

"தறிக்காரனுக்கே நூல் பாடமா" என்று மாமா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. யாரும் கேட்காமலே, மெதுவாக, "நான் உங்கம்மா கூடப் பொறந்தவன். உங்கத்த உங்கப்பன் கூடப் பொறந்தவ" என்றார். அதற்குமேல் நான் சொல்ல வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

அத்தை செல்போனில் லைட்டைப் போட்டார். ஹரிணியின் தாடையைத் தூக்கி, ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தார். உன் கண்ணில் இருந்ததை அவர் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறார்.

"எனக்கு ஒண்ணுந் தெரியிலியே கண்ணு. நீ வந்து பாரு."

"என்ற கண்ணுலயும் ஒண்ணும் இல்லீங்க அத்த. ரத்தத்துலதான் தெரிஞ்சுது."

ஹரிணி கண்ணைக் கூசிக்கொண்டே, "அந்த மாத்தர கசக்குமா அக்கா?" என்றாள். கசக்காது, குமட்டும் என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னலைப் பார்த்தே வந்தார். இறங்கும்போது, "சொல்லிப்போட்ட. இனி நான் யாருகிட்ட என்னன்னு சொல்லட்டும்?" என்றார்.

போன வாரம் ஹரிணியைக் கோவைக்குக் கூட்டிப் போனார்கள். நானும் போயிருந்தேன். ஊசியைக் கண்டதும் என் கையை இழுத்துத் தன் முழங்கை மேல் வைத்துக்கொண்டாள். அவள் கை ஆடவே இல்லை, அக்கா. ஆடியது என் கை. மருத்துவர் கவனித்துவிட்டார். விரல்களை நீட்டச் சொல்லி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பயம்தான். வேற ஒண்ணுமில்லை" என்றார்.

ஒரு குடும்பத்தின் ரத்தத்தையெல்லாம் குளிர்பெட்டியில் ஒரே இடத்தில்தான் வைப்பார்களாம். பெயர் இருக்காது, எண்தான். உன்னுடையது இன்னும் அங்கே இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு. இந்தக் குழந்தையோடது அதுக்குப் பக்கத்துலதான் இருக்கும்" என்றார். பார்க்கலாமா என்று கேட்க நினைத்தேன். பரிசோதனை முடிவு வர நாளாகும். அத்தை தினமும் போன் செய்து, வந்துவிட்டதா என்று என்னிடம்தான் கேட்கிறார்.

அம்மா குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார். புளி வாசம் இன்னும் போகவில்லை. இப்போது பின்பக்கத்திலிருந்து, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கும்படி, "சாமி, மாத்தர போட்டியா?" என்று கூப்பிட்டுக் கேட்கிறார்.

போட்டுக்கொள்கிறேன், அக்கா. உன் முழங்கையின் நடுக்கம் என் உள்ளங்கையில் அப்படியே இருக்கிறது. ஹரிணியின் கையைப் பிடித்தபோது ஆடியது அதுதான் என்று நான் மருத்துவரிடம் சொல்லவில்லை.