மாப்பிள்ளை எதற்கு வருகிறார்?

பிப்ரவரி 10

வண்டியின் பின்பக்க ஜன்னலைக் கழற்றினேன். சட்டத்துக்குக் கீழே கை வைத்தால் மரம் ஊறின ரொட்டி மாதிரி பிய்ந்து வருகிறது. "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வந்ததில்லம்மா" என்று விற்றவன் சொன்னபோதே நினைத்தேன். நான் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே இல்லையே! கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவனை நம்பக் கூடாது. இத்தனை வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டினவளுக்கு இது தெரியாதா? தெரிந்தும் வாங்கினேன். ஆசைக்கு வெட்கம் ஏது.

வீடும் வண்டியுமாக ஒன்று. உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ், எல்லாம் உண்டு. எதுவும் வேலை செய்யாது. பழைய மரக்கிடங்கின் பின்கொட்டகையில் இடம் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். ஓய்வு பெற்றாயிற்று, இனிமேல் யாரும் அலறாத வண்டியில் ஊர் ஊராகப் போக வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

பிப்ரவரி 15, சனி

மாப்பிள்ளை வந்தார். கையுறை, மூக்குக்கு மாஸ்க், சொந்தமாக ஒரு டிரில். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டில் ஒரு பல்பு மாற்றியதில்லை. லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். "கம்பெனில ஸ்பானரத் தொடறதே போதும் அத்தை" என்பார். இன்றைக்கு மட்டும் என்ன?

"சும்மாத்தான் அத்தை. லீவு. உங்களுக்கு ஒரு கை ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு."

எலி அம்மணமாக ஓடுகிறது என்றால் காரணம் இல்லாமலா? ஆனால் மாப்பிள்ளையைப் பார்த்து "எதுக்கு வந்தீங்க" என்று கேட்க முடியுமா? காபி கொடுத்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் வேலை செய்கிறார். உளுத்த மரத்தையெல்லாம் அறுத்து எடுத்துவிட்டுப் புதுக் கட்டை வைத்து ஜன்னலையும் திருப்பிப் பொருத்தினோம். மூலை நாலிலும் தண்ணீர் புகாமல் இருக்க சீலன்ட்டை விரலால் அழுத்தி வழித்தார், குழந்தைக்கு மை இடுகிற மாதிரி.

"அந்தப் பக்கத்து ஜன்னல் எப்படி இருக்கோ, அதுக்கும் ஒரு நாள் வர்றேன்" என்றார். கொட்டகையின் இன்னொரு சாவியைக் கேட்டார். கொடுத்துத் தொலைத்தேன்.

பிப்ரவரி 22

சுவருக்குள் வைக்கிற ஃபோம் பலகையை இரண்டு மடங்கு தடிமனில் வாங்கி வந்திருக்கிறார்.

"குளிருக்கு வேணும் அத்தை."

"குளிர்ல நான் எதுக்கு வண்டி எடுக்கப் போறேன்?"

காதில் சொருகியிருக்கிற பென்சிலைத் தரையில் தேடுகிறார். சாயங்காலம் கிளம்பும்போது, வேறு யாரிடமோ சொல்வது போல: "இதுலயே வருஷம் பூரா குடியிருக்கறவங்க இருக்காங்க, தெரியுமா அத்தை?"

எனக்கு எதற்கு இந்தத் தகவல்?

வயர்லெஸ்காரியிடம் போனில் சொன்னேன். நான் ஓட்டினபோது கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து எனக்கு வழி சொன்னவள். இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். "உன் மகளும் மருமகனும் வாடகை வீட்ல இருக்காங்க. உன்கிட்ட சொந்த வீடு. 'அம்மாவுக்கு வண்டின்னா உசுரு, அதுலயே இருக்கட்டும்'னு மெதுவா ஏத்தி அனுப்பிடுவாங்கடி. நீ டாட்டா காட்டிட்டே போயிடுவே."

"என் பொண்ணு அப்படிப் பண்ண மாட்டா."

"எந்த அம்மாதான் பண்ணுவான்னு சொல்லியிருக்கா?"

பிப்ரவரி 23

வயர்லெஸ்காரி சொல்வதில் பாதியைத்தான் நம்ப வேண்டும். எந்தப் பாதி என்பதுதான் தெரியவில்லை.

மார்ச் 1

படுக்கையை நீட்டிவிட்டார்! நான் சந்தைக்குப் போய் வருவதற்குள் அலமாரியைத் தள்ளி, பிளைவுட் அறுத்து, கால் வைத்து, முடித்தே விட்டார். நான் படுத்தால் என் காலுக்குக் கீழே இன்னொரு ஆளின் தலை வைக்க இடம் இருக்கும்.

"விருந்தாளி யாராவது வந்தா அத்தை."

வண்டிக்கு எந்த விருந்தாளி வருவான்?

ஒரு தூண்டில் போட்டுப் பார்த்தேன். "பேசாம வீட்ட வித்துட்டு இதுலயே இருந்துடலாமான்னு தோணுது மாப்பிள்ளை." முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விபத்தில் குடித்திருந்தவன் குடிக்கவில்லை என்று சொல்லும்போது பார்ப்பேனே, அப்படி.

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார். "வேணாம் அத்தை. வீட்ட மட்டும் விட்றாதீங்க. திரும்பி வர ஒரு கதவு இருக்கணும்."

என்ன ஒரு நடிப்பு. கண்கூடக் கலங்கினாற்போல இருந்தது.

மார்ச் 4

மகளுக்குப் போன் செய்தேன். மருந்துக்கடையில் கூட்டமாம். அவளுக்கு நான் கூப்பிடும்போதெல்லாம் கூட்டம்.

"உன் வீட்டுக்காரர் வாராவாரம் இங்கதான் இருக்கார்."

"அப்படியா? சரிம்மா. நல்லதுதானே."

"அப்படியா" என்றாள். புருஷன் எங்கே போகிறான் என்பது தெரியாதவளின் "அப்படியா"வா, தெரிந்தும் தெரியாதது போல் காட்டுகிறவளின் "அப்படியா"வா? இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களா? நான் பெற்ற பெண். எனக்கே அவள் குரலைப் படிக்க வரவில்லை.

மார்ச் 8

கேஸ் லைன். நான் பொருத்தியது. மாப்பிள்ளை சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பாகப் பூசிக்கொண்டே வந்தார். அடுப்புக்குப் பின்னால் ஒரு குமிழி, மெதுவாக ஊதிக்கொண்டு எழுந்தது.

"இங்க ஒண்ணு அத்தை" என்றார். அவ்வளவுதான். குத்திக் காட்டவில்லை.

அந்த இணைப்பை நான் இறுக்கியது எனக்கு நன்றாக ஞாபகம். அவரே தளர்த்திவிட்டுக் கண்டுபிடித்தாரா? சீ. என்ன புத்தி எனக்கு. ஆனாலும் ஞாபகம் இருக்கிறதே.

மார்ச் 13

வார நடுவில் கொட்டகைக்குப் போனேன், தண்ணீர்ப் பம்பு மாட்டலாம் என்று. படுக்கைக்கு அடியில் இருக்கிற பெட்டியைத் திறந்தால் ஷேவிங் ரேசர். இஸ்திரி போட்ட சட்டைகள், ஆபீஸ் ஷூ. சிங்க்கில் கழுவி வைத்த ஒரே ஒரு தட்டு.

இடம் பிடிக்கிறான்! என் வண்டியில், நான் இன்னும் ஒரு நாள்கூடப் படுக்காத என் வண்டியில், சட்டை அடுக்கி வைத்திருக்கிறான். இன்றைக்கு வண்டி, நாளைக்கு வீடு. ஒட்டகத்துக்கு மூக்கு நீட்ட இடம் கொடுத்த கதை. வயர்லெஸ்காரி வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

கேக்கப் போறதில்ல. ஒரு வார்த்தை கேக்கப் போறதில்ல. கேட்டா ஒரு கதை சொல்லுவான், நானும் தலையாட்டுவேன்.

மார்ச் 14

பூட்டை மாற்றினேன்.

மார்ச் 15

நாள் முழுக்க மழை. அவனிடமிருந்து ஒரு மெசேஜ்: "இன்னைக்கு வர முடியல அத்தை, வேலை." பூட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. பார்த்தானா, பார்க்கவில்லையா? ஜெயித்த மாதிரி இருக்க வேண்டும். சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 17

கிடங்குக் காவலாளி என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். "என்னம்மா, சொல்லாம பூட்ட மாத்திட்டீங்க? நேத்து முந்தாநாளெல்லாம் உங்க மாப்பிள்ளை வந்து நின்னாரு. சாவிய ரெண்டு தடவை போட்டுப் பாத்தாரு. நனைஞ்சுட்டு இருக்காரேன்னு என் அறைக்குக் கூப்பிட்டேன். வேணாம்னுட்டுப் போயிட்டாரு."

"எதுக்கு வந்தாராம்?"

"எதுக்கா? படுக்கத்தான். வண்டிக்குக் காவலுக்கு நீங்கதான் படுக்கச் சொன்னீங்கன்னாரே. ஜன்னல் போட்டதுலேர்ந்து இங்கதான படுக்கறாரு."

நான் "ஆமாம் ஆமாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

வீட்டில் பெண்டாட்டி இருக்க, கொட்டகையில் எதற்குப் படுக்கை? இன்னொருத்தியா? ஆனால் ஒரு தட்டுதானே இருந்தது. ஒரே ஒரு தட்டு.

மார்ச் 18

மருந்துக்கடைக்கே போய்விட்டேன். பின்னறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நிற்க வைத்துக் கேட்டேன். என் வீட்டைக் குறி வைத்துத்தான் இதெல்லாமா, இல்லை உன் புருஷன் உனக்குத் துரோகம் செய்கிறானா, இரண்டில் ஒன்று சொல்.

சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்த முடியாமல் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"உன் வீடு எனக்கு எதுக்கும்மா? நாங்க சேர்ந்து இல்ல. புது வருஷத்துக்கு முன்னாடியே நான்தான் அவர வேற இடம் பாத்துக்கச் சொன்னேன்."

"அடிச்சானா?"

"இல்ல."

"வேற யாராவது?"

"இல்லம்மா. உனக்கு எப்பவும் ஒரு குற்றவாளி வேணும். சண்டைகூட இல்ல. ஒரே வீட்ல ரெண்டு பேரும் மெதுவா நடக்கறோம், ஒருத்தர ஒருத்தர் எழுப்பிடக் கூடாதுன்னு. வருஷக்கணக்கா அப்படி. ஒரு நாள் முடியலன்னு சொன்னேன். அவரும் 'எனக்கும்'னார்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ விசாரிப்ப. யார் தப்புன்னு முடிவு பண்ணுவ." எழுந்து நின்று, "அவர் ஃபிரெண்டோட ரூம்ல இருக்கறதா சொன்னார். கொட்டகையிலயா படுத்திருந்தார்?"

இதைக் கேட்கும்போதுதான் அவள் அழுதாள்.

மார்ச் 19

பூட்டை மாற்றி ஐந்து இரவு. எங்கே படுத்தாரோ.

மார்ச் 20

அவருடைய கம்பெனியில் விசாரித்து, ஒரு அலுவலகக் கட்டடத்துக்குப் போனேன். தரைத்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்திருக்க, குழிக்குள் மார்பளவு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மேலே ஏறப் பார்த்து, முடியாமல், அங்கேயே நின்றார். நான் குனிந்துதான் பேச வேண்டியிருந்தது.

"மக சொல்லிட்டா."

தலையை ஆட்டினார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கறேன், மறைக்காதீங்க. நீங்க எனக்கு உதவிக்கு வந்தீங்களா, ஒதுங்க வந்தீங்களா?"

கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "மொத நாள் உங்களப் பாக்கத்தான் வந்தேன் அத்தை. சொல்லிடலாம்னு வந்தேன். நீங்க காபி குடுத்தீங்க. ஜன்னல் வேல இருந்துச்சு. சொல்லல. அப்புறம் ஒதுங்கறதுக்கும்தான்."

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்கிறவன் ஒன்றைத்தான் சொல்வான்.

"என் பொண்ணுக்கு நான் அம்மா. அது மாறாது. அவ பக்கம்தான் நிப்பேன்."

"அப்படித்தான் அத்தை இருக்கணும்." உடனே, "இன்னும் அத்தைன்னு கூப்பிடலாமா?"

"பின்ன என்னன்னு கூப்பிடுவீங்க? டிரைவரம்மான்னா?"

புதுச் சாவியைக் குழிக்குள் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். எங்கே படுத்தீர்கள் என்று கேட்டேன். மேலே காட்டினார்: மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறை. அங்கே பக்கத்தில் நின்றாலே காது அடைத்துப் போகும்.

மார்ச் 29

மகள் பேசுவதில்லை. சாவி கொடுத்ததைச் சொன்னேன், "நீ யாருக்கும்மா அம்மா?" என்று போனை வைத்துவிட்டாள்.

சரியாகத்தான் செய்தேனா? இரக்கம் என்று நினைத்துக்கொண்டு அவள் காலை வாரிவிட்டேனா? வயர்லெஸ்காரியிடம் சொல்லவில்லை. அவளுக்கு இது தெரிந்தால் ஊருக்கே அலைவரிசை திறந்தாற்போல.

ஏப்ரல் 12

மேலே சோலார் பேனல், உள்ளே புது பேட்டரி. வயரிங் முழுக்க மாப்பிள்ளை. ஒவ்வொரு வயருக்கும் ஒரு நிறம், ஒவ்வொரு முனையிலும் அது எங்கே போகிறது என்று எழுதின துண்டு. பழைய வயர்க் கூளத்தில் எலிக்கூடு இருந்தது. விளக்கு எரிந்ததும் இரண்டு பேரும் சிறுபிள்ளை மாதிரி அணைத்து அணைத்துப் போட்டோம்.

சேர்ந்துவிடுவார்களா என்று ஒரு கணம் நினைத்தேன். கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொள்வதும் ஒரு வேலைதான். டிரில்லைவிடக் கஷ்டம்.

மே 4

மகள் கொட்டகைக்கு வந்தாள். என்னைத் தேடியா, அவரைத் தேடியா? இரண்டு பேரும் மரக்குவியல் பக்கம் நின்று பேசினார்கள். நான் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். (பார்க்காமல் இருப்பேனா?) அவள் பேசினாள். அவர் கேட்டார். பிறகு அவர் பேசினார். ஒரு இடத்தில் இருவரும் சிரித்தார்கள், என் நெஞ்சு எழும்பியது. ஆனால் அது சேர்கிறவர்களின் சிரிப்பு இல்லை. பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர்களின் சிரிப்பு.

பிரிவதுதான். முறைப்படி. எழுதிக் கொடுத்துவிடப் போகிறார்கள்.

அவர் போன பிறகு அவள் வண்டிக்குள் ஏறினாள். எல்லாக் கதவையும் திறந்து மூடினாள். "நல்லா பண்ணியிருக்கார்" என்றாள். பிறகு, "அன்னைக்கு போன்ல நான் உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா. எனக்கும் அவர் எங்க படுக்கறார்னு தெரிஞ்சப்புறம் தூக்கம் வரல."

ஜூன் 7

வண்டி தகுதிச் சோதனையில் தேறியது. பிரேக்கை மட்டும் இரண்டு தடவை பார்த்தார்கள். நான் வேண்டுமென்றே செய்கிறார்களோ என்று முறைத்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளைக்கு அவர் கம்பெனி பக்கத்திலேயே ஓர் அறை கிடைத்தது. சட்டைகளை அவரே மடித்து எடுத்துப் போனார். படுக்கையைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார். வண்டி காலியாக இருப்பது இப்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

ஜூலை 19

ஏரிக்கரை. மகள் ஒரு வாரம் கடைக்கு ஆள் போட்டுவிட்டு என்னோடு வந்திருக்கிறாள். என் குறட்டையைப் பற்றிப் புகார் சொல்கிறாள்.

காலையில் பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் வந்து எங்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மேலே பேனலைப் பார்க்கிறார், கீழே குனிகிறார், உள்ளே எட்டிப் பார்க்கிறார். எதற்கு இவ்வளவு நோட்டம்? கழற்றிக்கொண்டு போகவா? நான் ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"தப்பா நினைக்காதீங்க. என் வண்டில லைட்டெல்லாம் மினுக்கு மினுக்குனு போகுது. உங்களோடது இவ்ளோ நேர்த்தியா இருக்கே. வயரிங் யார் பண்ணது?"

"என் மாப்பிள்ளை" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. மகள் படியில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு அந்த ஆளிடம் சொன்னாள்: "நம்பர் வேணும்னா தர்றேன். சனிக்கிழமைன்னா வருவார்."